சம்பந்தி வீட்டுக் கோடி

சென்னப்பன் நீதிபதியாக இருந்த காலத்தில் வக்கீல்கள் அவரைப் பற்றி ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். மனுஷன் லஞ்சம் வாங்கமாட்டார், வாய்தா கொடுப்பார். எந்த வக்கீல் எழுந்து நின்று தலையைச் சொறிந்தாலும் அடுத்த மாதம் ஒரு தேதி கிடைத்துவிடும். ஆனால் தீர்ப்பு எழுத உட்கார்ந்தால் அதில் குறை கண்டுபிடிக்க ஆள் பிறக்கவேண்டும். தெற்கே ஒரு மாவட்டத்தில் செஷன்ஸ் நீதிபதியாக இருந்தபோது, வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட பெண்ணைக் கொன்ற தகப்பனுக்கும் சித்தப்பனுக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார். பெற்றவர்களின் கௌரவம் பிள்ளையின் உயிரைவிட ஒரு குன்றிமணி எடைகூட அதிகமில்லை என்று அதில் எழுதியிருந்தார். பத்திரிகைகள் அந்த வரியைக் கட்டம் கட்டிப் போட்டன.

அந்த வரியைப் படித்த தைரியத்தில்தான் மேகலா அப்பாவிடம் வந்து நின்றாள். பாவம், குழந்தை! எழுதுகிற கையும் எடுத்துக் கொடுக்கிற கையும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டாள்.

மேகலா சூளகிரிப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிற பிரேம்குமாரைத்தான் கட்டிக்கொள்ளவேண்டும் என்றாள். பேரிகைக்குப் பக்கத்தில் சென்னப்பனின் சொந்த ஊர். அதே ஊர்க் காலனியில் பிரேம்குமாரின் வீடு. அவனுடைய அம்மா நஞ்சம்மா, புருஷன் போன பிறகு, சென்னப்பன் குடும்பத்துத் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் பறித்துத்தான் பையனை டிப்ளமா படிக்கவைத்தாள்.

சென்னப்பன் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ஆட்சேபம் இல்ல" என்றார். வீட்டிலும் அவருக்குக் கோர்ட் பாஷைதான். "ஆனா இப்ப வேணாம்மா. சர்வீஸ்ல இருக்கறன். உங்க பெரியப்பா ஊர்ல ஏதாச்சும் ரகளை பண்ணி வெச்சா பேப்பர்ல என் பேருதான் வரும். ரிட்டையர் ஆகட்டும்."

மேகலா அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஆட்சேபம் இல்லை என்ற வார்த்தையை மட்டும்தான் அவள் காது வாங்கிக்கொண்டது.

ரிட்டையர் ஆனார். மாலை, சால்வை, சந்தன மாலை, பிரிவுபசார விருந்து எல்லாம் முடிந்து ஓசூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மேகலா கேட்கலாமா வேண்டாமா என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது கட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். படித்தவர், கறைபடாதவர், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர், உள்ளூரில் பெரிய குடும்பம். சட்டசபைக்கு நிற்கவேண்டும் என்றார்கள். சென்னப்பன் ஒரு வாரம் யோசித்தார் என்பது மரியாதைக்கு. அவர் மனசு அன்றைக்கே காரில் ஏறிவிட்டது.

அதற்கும் அவரிடம் ஒரு முன்மாதிரி இருந்தது. பெங்களூரில் பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய தடிப் புத்தகம் ஒன்று; நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வாழ்ந்த எலையாஸ் ஹார்ட்வெல் என்கிற நீதிபதியின் வாழ்க்கை. குதிரையில் ஊர் ஊராகப் போய்க் கோர்ட் நடத்தியவர். அங்கெல்லாம் அந்தக் காலத்தில் நீதிபதியே ஓட்டு வாங்கித்தான் உட்காரவேண்டும். ஒரு அடிமைப் பெண் தன்னை விடுதலை செய்யச் சொல்லிப் போட்ட வழக்கில், ஊரே எதிர்த்து நின்றபோது, "இவள் சுதந்திரமானவள்" என்று தீர்ப்புச் சொன்னவர். பிறகு அரசியலுக்குப் போய் செனட்டர் ஆனவர். சென்னப்பன் இந்தக் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லாத நாளில்லை.

"செனட்ல போய் என்னப்பா பண்ணார்?" என்று ஒருநாள் மேகலா கேட்டாள்.

"பெரிய பெரிய கமிட்டியில எல்லாம் இருந்தார்."

அவள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தாள். திருப்பிக் கொண்டுவந்து வைத்தபோது முகம் சரியில்லை.

"அப்பா, ஓடிப்போன அடிமைங்கள புடிச்சு முதலாளிகிட்டயே ஒப்படைக்கணும்னு ஒரு சட்டம் வந்துச்சாம். உங்க ஜட்ஜு அதுக்கு ஆதரவா ஓட்டு போட்டிருக்காரு. கட்சி உடைஞ்சுடக் கூடாதுன்னு."

"அந்தக் காலத்து நிலைமை அப்படிம்மா. அப்புறமா சரிபண்ணிக்கலாம்னு நெனச்சிருப்பார்."

"அவர் விடுதலை பண்ணாரே அந்தப் பொண்ணு, அவ அப்புறம் என்ன ஆனா? புத்தகத்துல எங்கயும் இல்ல."

சென்னப்பனுக்கும் தெரியாது. மூன்று முறை படித்திருக்கிறார், அந்தப் பெண் என்ன ஆனாள் என்று ஒருதரம்கூடத் தேடவில்லை. போனில் யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

சீட்டு உறுதியானதும் ஊரிலிருந்து அண்ணன் கிருஷ்ணப்பன் வந்தார். நாற்பது வருஷமாக ஊரைக் கட்டி மேய்க்கிறவர். சுற்றுவட்டாரத்தில் அவர்கள் சாதி ஓட்டு அவர் மடியில் இருந்தது. அவர் காதுக்கு விஷயம் எட்டியிருந்தது. மேகலா கம்பெனிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, தம்பியைத் தோட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"நெசமாடா சென்னப்பா?"

சென்னப்பன் ரோஜாச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசம்னும் சொல்ல வேணாம், பொய்னும் சொல்ல வேணாம்" என்றார் அண்ணன். "எலக்சன் முடியறவரைக்கும் வாயத் தொறக்காத. மத்தத நான் பாத்துக்கறன்."

வாயைத் திறக்காமல் இருப்பது சென்னப்பனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. முப்பது வருஷமாக அதற்குத்தான் சம்பளம் வாங்கினார். அன்றிரவு மேகலாவிடம், ஓட்டுப்பதிவு முடியட்டும் என்றார். காரணம் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அவர் கொடுத்த வாய்தாவுக்கு எல்லாம் காரணம் நியாயமாகத்தான் இருக்கும்.

இரண்டு பேரும் மேஜர். சம்பாதிக்கிறவர்கள். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போயிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். பிரேம்குமார் சொல்லியும் பார்த்தான். குறுக்கே நின்றது நஞ்சம்மாதான்.

"பெத்தவங்க கையால வெத்தல பாக்கு வாங்காம பொண்ண கூட்டியார்றது திருட்டு" என்றாள். "அவங்க தோட்டத்துல இத்தன வருசம் தக்காளி பறிச்சன். கேக்காம ஒரு தக்காளி மடியில கட்டினதில்ல. இப்ப பொண்ணயே கட்டிக்கினு வரச் சொல்றியா? ஐயா குடுப்பாரு. நல்ல மனுசன். தீர்ப்பு எழுதினாரு இல்ல?"

மேகலா அந்தத் தீர்ப்பைப் போனில் வைத்து அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். நஞ்சம்மாவுக்கு அது போதும். வெற்றிலை பாக்குத் தட்டு ஒன்று எவர்சில்வரில் புதிதாக வாங்கி, பேர் வெட்டி, அலமாரியில் துணிக்கு நடுவே வைத்திருந்தாள். அந்த வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய்விட்டன. வாரத்துக்கு இருமுறை கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணவேண்டும். மேகலா லீவு போட்டுவிட்டுக் கூடப் போவாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வருவாள். ஓசூர் வீட்டில் மேகலாவின் அம்மா காவேரிக்கு இதெல்லாம் தெரியும். மகள் டப்பாவில் இரண்டு இட்லி அதிகமாகவே வைத்துக் கொடுப்பாள்.

பிரச்சாரத்துக்குச் சென்னப்பன் காலனிக்குள் வந்த அன்று வெயில் சுட்டெரித்தது. திறந்த ஜீப், பின்னால் ஆட்கள், பக்கத்தில் அண்ணன். நஞ்சம்மா வாசலில் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சென்னப்பன் இறங்கி வந்து கும்பிட்டார். கூண்டில் நிற்கிற கொலைகாரனையும் 'நீங்க' என்று கூப்பிட்டுப் பழகியவர் அவர். நஞ்சம்மாவை மட்டும் 'நீ' என்றார். தோட்டத்துக்குள் வளர்ந்த நாக்கு, அவருக்கே தெரியாது.

"எப்பிடி இருக்க நஞ்சம்மா?"

"இருக்கறன் ஐயா." அவள் குரலைத் தாழ்த்தினாள். ஜீப்பில் இருக்கிறவர்கள் காதில் விழுந்து அவருக்குச் சங்கடம் வந்துவிடக்கூடாதாம். "வெத்தல பாக்கு எப்பங்க ஐயா?"

சென்னப்பன் கெட்டவர் இல்லை. அதுதான் இந்தக் கதையில் இருக்கிற துக்கம். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. முதுகில் அண்ணனுடைய பார்வை சுட்டது.

"எண்ணிக்கை முடியட்டும். மறுநாளே காவேரியக் கூட்டிக்கினு வர்றன்."

"சரிங்க ஐயா. அதுவரைக்கும் இருக்கறன்" என்றாள். இருப்பது என்னவோ அவள் கையில் இருக்கிற மாதிரி.

பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. தெருவில் போகிற ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, ஐயாவுக்குப் போடு என்றாள். உனக்கென்ன அவ்வளவு அக்கறை என்று கேட்டவர்களிடம் காரணம் சொல்லவில்லை, சிரித்தாள். ஓட்டுப் போடுகிற அன்று பிரேம்குமாரும் மேகலாவும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். பார்த்தவர்கள் மகள் அப்பாவுக்கு ஓட்டுச் சேர்க்கிறாள் என்றே நினைத்தார்கள். மை வைத்த விரலைக் காவேரிக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

எண்ணிக்கைக்கு முந்தின நாள் சாயங்காலம் நஞ்சம்மா செத்துப்போனாள்.

விடிந்து சென்னப்பன் கிருஷ்ணகிரிக்குக் கிளம்ப வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது காவேரி வந்து சொன்னாள். மேகலா ராத்திரியே அங்கே போய்விட்டாள்.

"சாவு விழுந்த வீட்டுல ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் வெக்க மாட்டாங்க. அதனால அந்தம்மா மொகத்துக்கு முன்னாடியே தாலி கட்டிக்கறதா ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டாங்க. பத்து மணிக்கு. நான் போறன். நீங்களும் வாங்க."

சென்னப்பன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் ஆர்ன் அடித்தார்.

"எண்ணறப்ப கேண்டிடேட் இல்லன்னா எப்பிடி காவேரி? தகராறு வந்தா யார் கையெழுத்து போடறது? மத்தியானத்துல முடிஞ்சுடும். எடுக்கறதுக்குள்ள கண்டிப்பா வந்துடறன். அவகிட்ட சொல்லு."

காவேரி அவரோடு முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவள்.

"நீங்க இதுவரைக்கும் அவகிட்ட தப்பா ஒரு வார்த்த சொன்னதில்லங்க. சரின்னும் சொன்னதில்ல. நானே போய்க்கறன்."

எண்ணிக்கை இழுத்தது. ஒரு சுற்றில் முன்னால், அடுத்த சுற்றில் பின்னால். பத்து மணி அடித்தபோது சென்னப்பன் கம்பி வலைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது தாலி ஏறிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். மேகலா சின்ன வயசில் தூங்கும்போது அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அந்த விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசிச் சுற்றில் அவர் ஊர்ப் பக்கத்துப் பெட்டிகள் வந்தன. காலனி ஓட்டு மொத்தமாக அவருக்கே விழுந்திருந்தது. அதில்தான் ஜெயித்தார்.

வெடி, மேளம், மாலை. சென்னப்பன் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுக் காரில் ஏறி, ஊருக்கு விடச் சொன்னார். அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை.

"நல்ல யோசன" என்றார். "ஜெயிச்ச கையோட மொதல்ல காலனிச் சாவுக்குப் போனாருன்னு பேராவும். போட்டோ பையனையும் ஏத்திக்கலாம்."

சூளகிரி தாண்டுவதற்குள் சென்னப்பன் கண்ணில் ஒரு துணிக்கடை பட்டது. வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"எதுக்குடா? மாலதான் பின்னாடி இருக்குதே."

"கோடி எடுக்கணும்ணா."

அண்ணன் திரும்பி உட்கார்ந்தார். செத்தவர்களுக்குப் போர்த்துகிற புதுத்துணியை யாரும் தோன்றியபடி எடுத்துப் போவதில்லை. பிறந்த வீட்டுக் கோடி முதலில் விழும், சம்பந்தி வீட்டுக் கோடி அடுத்து. வேறு ஆளுக்கு அந்த உரிமை கிடையாது. மற்றவர்கள் மாலையோடு சரி.

"கோடி போட்டா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் பேசறியா? நம்ம ஊரு ஆளுங்க அம்பது பேரு பின்னாடி வண்டியில வர்றாங்க. அவங்க எதுக்க சம்பந்தின்னு சொல்லப்போறியா? இன்னும் பதவிப் பிரமாணமே ஆகல. காரியத்தன்னிக்கு ஒரு பொடவ எடுத்துக் குடுத்தனுப்பிக்கலாம்டா. யாரு கேக்கப்போறாங்க?"

டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினால் போதும். நாலு எட்டு வைத்தால் கடை. சென்னப்பன் கதவுப் பிடியில் கை வைத்தார், வைத்தபடியே இருந்தார். பின்னால் லாரிக்காரன் ஆர்ன் அடித்தான். அவர் ஒன்றும் சொல்லாததால் டிரைவர் வண்டியை எடுத்தான்.

காலனியில் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். காரைக் கண்டதும் அடி நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. கூட வந்த ஊர்க்காரர்கள் பந்தலுக்குள் வராமல் தெருவோரத்திலேயே நின்றுகொண்டார்கள். பந்தலின் கீழே நஞ்சம்மா படுத்திருந்தாள். சென்னப்பன் பெரிய மாலையை அவள் மேல் வைத்தார். வைத்தபோதுதான் பார்த்தார்: அவள் உடம்பின் மேல் ஏற்கெனவே இரண்டு கோடி இருந்தன. ஒன்று வெள்ளை. இன்னொன்று அரக்குக் கரை போட்ட பச்சைப் புடவை. மேகலா கல்யாணத்துக்குச் சம்பந்தியம்மாவுக்குக் கொடுக்கவேண்டும் என்று காவேரி போன ஆடியில் எடுத்து பீரோவில் வைத்திருந்த புடவை. காவேரி கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நஞ்சம்மாவின் உள்ளங்கையில் வெற்றிலையும் பாக்கும் வைத்து விரல்களை மடக்கியிருந்தார்கள்.

தலைமாட்டில் மேகலா. கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது. அப்பாவைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் சென்னப்பன் தாங்கிக்கொண்டிருப்பார். வந்துபோகிற பெரிய மனிதர்களைப் பார்க்கிற பார்வை அது.

யாரோ ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து துண்டால் துடைத்துப் போட்டார்கள். அங்கே வேறு யாருக்கும் நாற்காலி இல்லை. எல்லாருக்கும் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தவர்கள், இவருக்கு மட்டும் கடைக்கு ஆளனுப்பி மூடி திறக்காத பாட்டில் வாங்கிவந்தார்கள். மரியாதையாகத்தான் செய்தார்கள். சென்னப்பன் உட்கார்ந்தார்.

பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தபோது அவர் எழுந்து போய் ஒரு முனையில் கை வைத்தார். அந்தப் பக்கம் பிரேம்குமார் இருந்தான். மொட்டைத் தலை, ஈர வேட்டி.

"வேணாங்க ஐயா" என்றான். பணிவாகத்தான் சொன்னான். "உறவுக்காரங்கதான் தூக்கணும்."

சென்னப்பன் வாயைத் திறந்தார். நான் உன் மாமனார் என்று சொல்ல இரண்டே நொடி இருந்தது. பின்னால் ஊர்க்காரர்கள் நின்றார்கள், அண்ணன் நின்றார், போட்டோ பையன் நின்றான். பாடை தோளுக்கு ஏறி, தப்பட்டை மறுபடி அதிர, தெருமுனை திரும்பிவிட்டது.

அவர் நாற்காலிக்குத் திரும்பி வந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆயுசில் அப்படி அழுததில்லை. தோள் இரண்டும் குலுங்கின. போட்டோ பையன் மண்டிபோட்டு உட்கார்ந்து நாலைந்து எடுத்தான். கூலிக்காரி செத்ததுக்கு எம்.எல்.ஏ. இப்படி அழறாரே, எவ்ளோ நல்ல மனசு என்று ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிணம் போன வீட்டைக் கழுவிவிடவேண்டும். அது மருமகள் வேலை. மேகலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உள்ளேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கிக்கொண்டே வந்தாள். கூடம் கழுவினாள், படி கழுவினாள். சிதறிய பூவும் பொரியும் தண்ணீரோடு வாசலுக்கு வந்தன. நாற்காலிக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

"கொஞ்சம் எழுந்திருங்க ஐயா" என்றாள். "வாசல் கழுவணும்."

சென்னப்பன் எழுந்தார். அவள் நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் தண்ணீரை ஊற்றினாள்.